வெள்ளம் வடிந்த பிறகும் பை கட்டும் அம்மா

கேள்வி: லாபிஸ் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர் என் அம்மா. வயது 74. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) வெள்ளம் புகுந்ததும் ஜொகூர் பாருவுக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தனி அறை, டிவி, எதிலும் குறையில்லை. ஆனால் மூன்று மாதமாகப் பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடும் இறங்கவில்லை. மழை பெய்தால் நடுராத்திரியில் எழுந்து பை கட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அம்மாவின் பல்செட் வெள்ளத்தோடு போய்விட்டதா? கண்ணாடி? கேட்கக் காரணம் உண்டு. பல்செட் இல்லாதவருக்குச் சாப்பாடும் இறங்காது, நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். பிரஷர், சர்க்கரை மருந்து விட்டுப்போனதா என்றும் பாருங்கள்.

பை கட்டுவதை அதட்டி நிறுத்தாதீர்கள். போன தடவை எடுக்க முடியாமல் போனதை இப்போது எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். பகலில் கூடவே உட்கார்ந்து ஐசி (அடையாள அட்டை), மருந்து, இரண்டு சேலை என்று ஒரு பை கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னதில் அறை இருக்கிறது, டிவி இருக்கிறது, பேச்சுத்துணை இல்லை. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் முதியவர்களுக்கு முன்னுரிமை தந்து, குலுக்கல் போட்டுத் தற்காலிக வீடு ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அக்கம்பக்கம் சிதறிப்போனது. அந்த வீடுகளில் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்தவர்கள் 200-க்கும் மேல். 2011 சுனாமிக்குப் பிறகு அதே நாட்டின் இவானுமா நகரில் கூட்டமாக இடம் மாறிய முதியவர்களிடம் நாலு பேரோடு பழகுவது கூடியது, தனித்தனியாகப் போனவர்களிடம் குறைந்தது. மகன் வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும், விடியற்காலையில் கூடவே பெரட்டுக்கு (வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில்) நின்ற பக்கத்து வீட்டு அக்காவாக அது ஆகாது.

அந்த அக்கா இப்போது எங்கே என்று விசாரித்து போன் போட்டுக் கொடுங்கள். மாதம் இரண்டு தடவையாவது தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே விருந்தாளி மாதிரி உட்கார வைக்காமல், பூ கட்டவோ வெங்காயம் உரிக்கவோ விடுங்கள். வீட்டிலும் 'நீங்க சும்மா இருங்கம்மா' வேண்டாம்.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் அரசாங்க கிளினிக்கிலும் காட்டிவிடுங்கள். நம் பெரியவர்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்லமாட்டார்கள், 'கைகால் குடையுது' என்பார்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ராத்திரியில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். 'போய்ச் சேர்ந்தா தேவல' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். டாக்டர் மலாயில் கேட்டால் நீங்கள் மொழிபெயர்த்தால் போதும், பதிலை அம்மாவே சொல்லட்டும்.