டனல் ரயிலுக்கு எவ்வளவு முந்திப் போவது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

இருபது வருடமாக லண்டனில் இருந்து வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஃபோக்ஸ்டன் வழியாகப் பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் போய் வருகிறேன். பாரிஸ் லாச்சப்பல் மாணிக்க விநாயகர் கோவில் தேர் நெருங்குவதால், ஃபோக்ஸ்டனில் இருந்து கடலடிச் சுரங்கம் வழியாகக் கலேக்கு வாகனங்களை ஏற்றிப் போகும் லே ஷட்டில் ரயில் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெம்பிளியில் இருந்து: காலை 9.20 ரயிலுக்கு புக் பண்ணியிருக்கிறோம். எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். டிக்கெட்டில் இருப்பது ரயில் புறப்படும் நேரம், நீங்கள் வாசலுக்கு வரவேண்டிய நேரம் அல்ல. 9.20 என்றால் 7.30க்கும் 7.45க்கும் இடையில் செக்-இன் வாசலில் நில்லுங்கள். வெம்பிளியில் இருந்து சாதாரண நாளிலேயே இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். லண்டனைச் சுற்றும் எம்25 வீதி ஒரு இடத்தில் இறுகினால் அரை மணித்தியாலம் போய்விடும். ஆகவே ஐந்தேகாலுக்கு வீட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

எம்20 வீதியில் 11ஏ சந்தியில் இறங்கினால் நேரே டெர்மினல்தான். செக்-இன் வாசலில் கமரா நம்பர் பிளேட்டைப் படித்து, திரையில் உங்கள் புக்கிங்கைக் காட்டும். பிறகு பெரிய எழுத்து ஒன்று அச்சிட்ட அட்டை வரும். அதைக் கண்ணாடியில் கொழுவுங்கள். அந்த எழுத்துத்தான் உங்கள் ரயில். மண்டபத்துத் திரையில் எழுத்து வந்ததும் எழும்ப வேண்டும், ஏனென்றால் பாதுகாப்புச் சோதனையும் பிரெஞ்சுப் பொலிஸின் பாஸ்போர்ட் சோதனையும் அதற்குப் பிறகுதான். எல்லாம் இந்தக் கரையிலேயே முடிவதால் கலேயில் இறங்கியதும் நேரே ஏ16 வீதிக்குப் போகலாம். முந்திப் போவது இந்த வரிசைகளுக்காகத்தான்.

ஹரோவில் இருந்து: அண்ணை, நான் எப்போதும் மூன்று மணித்தியாலம் முந்திப் போவேன். முந்திய ரயிலிலேயே ஏற்றிவிடுகிறார்கள், காசும் கேட்பதில்லை. எல்லாரும் அப்படிச் செய்யலாமே?

செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கிடைத்தது அன்று காலியாக இருந்த இடம். முந்திய ரயிலில் இடம் இருந்தால் செக்-இன் திரை அதைக் காட்டும். புக் பண்ணிய நேரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்தவருக்குப் பொதுவாக அதைக் கூடுதல் காசில்லாமல் தருவார்கள். அதற்கும் முந்தினால் இரண்டு டிக்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். பெப்ரவரிச் செவ்வாய்க்கிழமை கிடைப்பது ஓகஸ்ட் சனிக்கிழமை கிடைக்காது.

க்ரொய்டனில் இருந்து: ஹரோக்காரர் சொன்ன மாதிரித்தான் போனோம். காசு கட்டச் சொன்னது. கட்டாமல் பின்னேரம் வரை காத்திருந்தோம். அவர் சனத்தைப் பிழையாக நடத்துகிறார்.

ஹரோ, மறுபடியும்: நான் பொய் சொல்லவில்லை. ஆறு தடவை போயிருக்கிறேன். க்ரொய்டன்காரர் மலிவு டிக்கெட் எடுத்திருப்பார்.

இரண்டு பேரும் நடந்ததைத்தான் சொல்கிறீர்கள். பன்னிரண்டு மணி ரயிலை விட ஆறு மணி ரயில் மலிவு. அதனால் விடிய ஆறுக்கு புக் பண்ணி மூன்றுக்கு வருகிறவர் பெரும்பாலும் காலி ரயிலைக் காண்பார். பன்னிரண்டுக்கு புக் பண்ணி ஒன்பதுக்கு வருகிறவர் எல்லாரும் விரும்புகிற நேரத்துக்கு வந்து நிற்கிறார். ஹரோத் தம்பி, அந்த ஆறு தடவையும் விடியப்புறமா என்று யோசித்துப் பாருங்கள். நேரம் பற்றிக் கவலையே வேண்டாம் என்றால் ஃப்ளெக்ஸிபிளஸ் டிக்கெட் இருக்கிறது. விலை கூட, ஆனால் தனி வரிசை, வந்த நேரத்தில் அடுத்த ரயில். குழந்தையோடும் வயது போனவர்களோடும் பயணிக்கிறவர்களுக்கு அது வீண் செலவில்லை.

எம்20இல் ஒப்பரேஷன் புரொக் போட்டிருக்கிறார்களா என்று முதல் நாள் இரவே பாருங்கள். துறைமுகப் பக்கம் சிக்கல் என்றால் 8ஆம், 9ஆம் சந்திகளுக்கு இடையில் லொறிகளை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மற்ற வாகனங்களை மறுபக்கத்தால் மெதுவாக விடுவார்கள். முந்திக் கிளம்ப உண்மையான காரணம் அது.

ஈஸ்ட்ஹாமில் இருந்து: 10.50 ரயில், எத்தனை மணிக்கு வரவேண்டும்?

மேலே வெம்பிளிக்குச் சொன்னதுதான். 9 மணி.

இல்ஃபோர்டில் இருந்து: என் மனைவியிடம் இலங்கைப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா இருக்கிறது. கூட நேரம் எடுக்குமா?

கொஞ்சம் எடுக்கலாம். 2025 ஒக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் ஈஈஎஸ் என்ற பதிவு முறை தொடங்கியிருக்கிறது. விசா எடுத்தவரின் கைரேகை விசாவோடு ஏற்கனவே பதிவாகியிருக்கும், ஆகவே அவருக்கு முகப்படம்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிற உங்களுக்கு முகப்படமும் கைரேகையும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கைரேகை எடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்களை ஜன்னல் பக்கம் இருப்பவர் கையில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். வாசலுக்கு வந்த பிறகு சூட்கேஸைத் திறந்து தேடுகிறவர்களால்தான் வரிசை நீளுகிறது. திரும்பி வருவதற்கு மனைவியின் பிரிட்டிஷ் ஈவிசாக் (இணைய விசா) கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மில்டன் கீன்ஸில் இருந்து: வழிக்கு மட்டன் ரோல்ஸும் கறிவேப்பிலையும் கொண்டு போகலாமா?

ரோல்ஸைப் புறப்படுவதற்கு முன் சாப்பிட்டு முடியுங்கள். இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டு போகக் கூடாது. 2025 ஏப்ரல் 12 முதல் அங்கிருந்து இங்கே ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால்கட்டி எதுவும் கொண்டுவரக் கூடாது. லாச்சப்பலில் வாங்கிய ரோல்ஸும் அதற்குள் அடக்கம். கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், வேண்டாம். தேங்காய், வாழைப்பழம் இரண்டுக்கும் தடையில்லை. தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்லவ்வில் இருந்து: திரும்பி வரும்போதும் இதே கணக்கா?

இதே கணக்கு, ஆனால் கலேயில் போட்டிருப்பது பிரான்ஸ் நேரம், எங்களை விட ஒரு மணித்தியாலம் முன்னே. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு முறை என் போன் பிரான்ஸ் நேரத்துக்கு மாறிவிட்டது, வானின் மணிக்கூடு லண்டன் நேரத்திலேயே நின்றது. நான் பார்த்தது வானின் மணிக்கூட்டை. ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று வழியில் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்று கோப்பி குடித்தோம். வாசலுக்கு வந்தபோது எங்கள் ரயில் போய்விட்டது. பின் இருக்கையில் ஒரு அம்மா, சீனி வருத்தக்காரி, இன்சுலின் போடும் நேரத்தைக் கணக்குப் பார்த்தபடி இருந்தார். அடுத்த இடம் கிடைக்க இரண்டரை மணித்தியாலம் ஆனது. அவர் ஒரு வார்த்தையும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது. கடல் தாண்டியதும் வாகனத்தின் மணிக்கூட்டை மாற்றுங்கள். கலேயில் பிரிட்டிஷ் எல்லைச் சோதனையும் அங்கேயே நடப்பதால் வரிசை நீளம், பதினைந்து நிமிடம் கூட வையுங்கள்.

லூட்டனில் இருந்து: கூரையில் பெட்டி கட்டினால் சிக்கலா? கார் எல்பிஜி எரிவாயுவில் ஓடுவது.

பெட்டியோடு உயரம் 1.85 மீட்டரைத் தாண்டினால் ரயிலின் ஒற்றைத் தட்டுப் பெட்டிகளில் ஏற்றுவார்கள். புக் பண்ணும்போதே சரியான உயரத்தைச் சொல்லுங்கள். எல்பிஜி வாகனத்தை ஏற்றமாட்டார்கள். வேறு கார் பாருங்கள்.

டூட்டிங்கில் இருந்து: கார் இல்லை, நடந்து ஏறலாமா?

முடியாது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் யூரோஸ்டார் ரயில் எடுங்கள்.

ஹேய்ஸில் இருந்து: அம்மாவுக்குக் கடலுக்கு அடியில் என்றாலே பயம். என்ன சொல்வது?

மூன்று சுரங்கங்கள் என்று சொல்லுங்கள். இரண்டில் ரயில், நடுவில் ஆட்கள் தப்பிப் போக ஒன்று. 375 மீட்டருக்கு ஒரு குறுக்குக் கதவு இருக்கிறது. 1996 நவம்பரில் லொறி ரயில் தீப்பற்றியபோது எல்லாரும் அந்த நடுச் சுரங்கத்தால்தான் உயிரோடு வந்தார்கள். மொத்தம் 50 கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். காரிலேயே இருப்பார், உள்ளே வெளிச்சம் இருக்கும், கடல் கண்ணுக்கே தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதை ஏதாவது கதையுங்கள், கலே வந்துவிடும்.

லூயிஷத்தில் இருந்து: தேருக்குச் சனிக்கிழமை 8.50 ரயில். எத்தனை மணிக்கு…

ஏழு மணி, தம்பி. 8.50 ரயில் புறப்படும் நேரம். தேர் ஓகஸ்ட் கடைசியை ஒட்டி வரும், இங்கே பேங்க் ஹொலிடேயும் அப்போதுதான். ஏழு என்பதை ஆறரை ஆக்குங்கள். பிள்ளைகளை இரவு உடுப்போடே தூக்கி ஏற்றுங்கள், பல் தேய்ப்பதை டெர்மினலில் பார்த்துக்கொள்ளலாம்.