வேலியைத் தாண்டி வளர்கிறது, பழத்தைத்தான் காணோம்

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஏஜாக்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாண் உயரக் கோஜிக் கன்று (சின்னச் சிவப்புப் பழம் தரும் சீனத்துச் செடி) வாங்கிப் பின்வளவில் வேலியோரமாக நட்டேன். குளிருக்குச் செத்துவிடும் என்ற பயத்தில் ஒவ்வொரு ஒக்டோபரும் தரையோடு வெட்டி, மேலே செத்தையைக் குவித்து மூடிவிடுவேன். ஸ்நோ கரைந்ததும் ஒரு பை மாட்டெருவும், புல்லுக்குப் போடும் பசளையில் இரண்டு கைப்பிடியும் போடுவேன். செடி வேலியைத் தாண்டி வளர்கிறது. பூ செப்டெம்பரில்தான் வருகிறது. இதுவரை கண்ட பழம் ஏழோ எட்டோ. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுப் புல்லுக்குள்ளும் முளைக்கத் தொடங்கிவிட்டது. பிடுங்கி எறி என்கிறார் இவர். பிடுங்கிவிடவா? ஒருவேளை பழம் வந்தால் மாமிக்குக் கொடுக்கலாமா? அவர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார்."

பிடுங்க வேண்டாம் அக்கா. செடியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கொடுக்கிற செல்லம்தான் கூடிப்போய்விட்டது.

முதலில் அந்தக் குளிர்ப் பயத்தை விடுங்கள். கோஜிக்குப் பேர்போன இடம் வடமேற்குச் சீனாவின் நிங்சியா. மஞ்சள் ஆற்றுத் தண்ணீரில் பயிராகும் வறண்ட நிலம் அது. கோடையில் நல்ல வெயில் அடிக்கும், குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்குப் போகும். அங்கே நின்று பிடிக்கிற செடிக்கு ஏஜாக்ஸ் ஒரு பொருட்டே இல்லை. இங்கிலாந்திலும் இது 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆர்கைல் கோமகனுக்கு வந்த தேயிலைக் கன்றின் பெயர்ச்சீட்டு இதன் பெயர்ச்சீட்டோடு மாறிப்போய்விட்டதாம். அதனால் இன்றும் அங்கே இதற்கு 'ஆர்கைல் கோமகனின் தேயிலைச் செடி' என்று ஒரு பெயர் உண்டு. தேயிலை என்று நம்பி யாராவது காய்ச்சிக் குடித்தார்களா தெரியாது. ஆனால் செடி தோட்டத்தை விட்டு வெளியேறி வேலிகளிலும் கடற்கரையோரங்களிலும் தானாகப் பரவிவிட்டது. யாரும் செத்தை போட்டு மூடவில்லை.

இனி உங்கள் ஒக்டோபர் வெட்டைப் பார்ப்போம். கோஜி பூப்பது அந்தந்த வருடம் விடும் புதுத் தளிரில். 'அப்படியென்றால் பழையதை வெட்டினால் நல்லதுதானே' என்று நினைப்பீர்கள். தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முற்றிய தண்டிலிருந்தும் போன வருடக் கிளையிலிருந்தும் வரும் பக்கத் தளிர் குட்டையாக நின்று ஜூனிலேயே பூக்கத் தொடங்கிவிடும். தரையோடு வெட்டிய செடிக்கு அந்தக் கிளை இல்லை. வேரில் சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் போட்டு நேராக மேலே ஏறும். ஜூலை, ஓகஸ்ட் முழுக்க உடம்பு வளர்த்துவிட்டு, செப்டெம்பரில் நிதானமாகப் பூக்கும். ஒக்டோபரில் உறைபனி வந்து பச்சைக் காயோடு எல்லாவற்றையும் முடித்துவிடும். மூன்று வருடமாக உங்கள் செடி ஒவ்வொரு கோடையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது.

சரி, இந்த வருடம் என்ன செய்வது? போன ஒக்டோபரில் வெட்டியதை ஒட்ட முடியாது. மே மாதம் அடியிலிருந்து பத்துப் பதினைந்து தளிர் கிளம்பும். அதில் தடித்து நேராக நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு நல்ல கம்பு ஊன்றி, பழைய பருத்தித் துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். கோஜித் தண்டு இயல்பிலேயே வளைந்து சரிகிற சாதி, கம்பு இல்லாமல் நிமிராது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, நாலு அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை விடும். தரையிலிருந்து முழங்கால் வரை வருகிற கிளைகளை உரித்துவிட்டு, மேலே உள்ளதைக் குடைபோல விரிய விடுங்கள். சீனத்துத் தோட்டங்களிலும் குடை வடிவத்தில்தான் பழக்குகிறார்கள்.

ஒக்டோபரில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். மார்ச் கடைசியில், மொட்டு விழிக்குமுன் வெளியே போய், கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். மண்ணிறமாக, காய்ந்திருந்தால் பச்சை தெரியும் இடம் வரை வெட்டலாம். உயிருள்ள பக்கக் கிளைகளை அரை முழம் விட்டுக் குறைத்துவிடுங்கள். முள் இருக்கும், கையுறை போடுங்கள். வருட வேலை அவ்வளவுதான். வினிபெக், கல்கரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சில வருடம் மேல்பாகம் கருகிப்போகலாம். தென் ஒன்ராறியோவில் நுனி மட்டும்தான் கருகும்.

பசளைக்கு வருவோம். புல்லுக்குப் போடும் பையில் மூன்று எண் அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். முதல் எண் நைதரசன். புல் பசளையில் அது 30 வரை இருக்கும். புல்லுக்கு வேண்டியது இலை, அதனால் அது சரி. கோஜிக்கு அதைப் போட்டால் அதுவும் புல்லைப்போல இலையாகவே தள்ளும். மிளகாய்க் கன்றுக்கு எருவை அள்ளிப் போட்டால் கரும்பச்சையாகச் சிலிர்த்து நின்று காய்க்காமல் ஏமாற்றுமே, அதே கதை. ஆச்சரியமில்லை, கோஜியும் கத்தரி, தக்காளி, மிளகாய், தூதுவளைக் குடும்பம்தான். பூவைக் கிட்டப் பாருங்கள், சின்ன ஊதா நட்சத்திரம். தூதுவளைப் பூவின் தங்கை மாதிரி இருக்கும். இந்த வருடம் எருவும் வேண்டாம், பசளையும் வேண்டாம். அடுத்த வருடம் முதல் வசந்தத்தில் இரண்டு கை மக்கிய கொம்போஸ்ட் போதும். புல்லுக்குப் பசளை தூவும்போது செடியிலிருந்து மூன்று நாலு அடி தள்ளியே நிறுத்திவிடச் சொல்லுங்கள், அது மழையில் கரைந்து வேருக்குப் போய்விடும்.

வேலி எந்தத் திசையில் என்று நீங்கள் எழுதவில்லை. கோடையில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். விழாத இடமென்றால், மேலே சொன்னதெல்லாம் வீண். செடி உறங்கும் ஏப்ரல் தொடக்கத்தில் பெயர்த்து இடம் மாற்றுங்கள்.

மண் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ரொறன்ரோவைச் சுற்றி அனேக இடத்தில் சுண்ணாம்பு கலந்த காரத்தன்மையுள்ள மண். புளூபெரி நட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் துயரம் தெரியும். இலை மஞ்சளாகி மெல்ல மெல்லச் சாகும். கோஜிக்கோ அந்த மண்தான் விருப்பம். ஆகவே யாராவது பீட் மொஸ் கலக்கச் சொன்னால் கேட்க வேண்டாம். அது மண்ணைப் புளிப்பாக்கும்.

ஆனால் அதே மண் களிமண் என்பதுதான் சிக்கல். என் முதல் இரண்டு கன்றுகளும் செத்தது குளிரில் இல்லை, தண்ணீரில். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில், 'தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்' என்று நட்டேன். ஜனவரி முழுக்கக் கம்பீரமாக நின்றன. மார்ச்சில் ஸ்நோ கரைந்து மூன்று வாரம் சேறாகக் கிடந்தது. ஏப்ரலில் இழுத்தேன், வேர் கறுத்து, அவித்த கீரைத்தண்டு மாதிரி கையோடு வந்தது. புதிதாக நடுபவர்கள் ஓர் அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஊறியதும் இன்னொரு வாளி. இரண்டாவது வாளித் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஓர் அடி மண் உயர்த்தி மேடாக்கிவிட்டு நடுங்கள். உங்கள் செத்தைக் குவியலையும் அகற்றிவிடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், எலிக்கும் வீடாகும். மாறாக, தண்டின் அடியைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு கம்பி வலை போடுங்கள். பெப்ரவரியில் முயலுக்கு வேறு தீனி இல்லாதபோது பட்டையை வட்டமாகக் கடித்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிரச்சினைக்குப் பாதிக் காரணமும் அந்த வெட்டுத்தான். மேலே வெட்டினால் வேர் பக்கவாட்டில் ஓடித் தளிர் விடும். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, முளைத்ததை மேலால் கிள்ளாமல், மண்ணைக் கிளறி ஓடுவேரோடு இழுத்து எடுங்கள். பிறகு வேலியோரமாக இரண்டு அடி ஆழத்தில் தடித்த பிளாஸ்டிக் வேர்த்தடுப்புத் தகடு புதையுங்கள், மண்ணுக்கு மேல் இரண்டு விரல் தெரியட்டும். பெரிய சாடியில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் சாடிக்குள் வேரைக் குளிர் நாலு பக்கமும் தாக்கும். டிசெம்பரில் சூடேற்றாத கராஜுக்குள் நகர்த்த வேண்டும். பேஸ்மென்ட் வேண்டாம், அங்கே சூட்டில் செடி உறங்காது.

பழம் வந்தபின் ரொபின் பறவைகள் உங்களுக்கு முன் பார்த்துவிடும். ஓகஸ்டிலேயே வலை போடுங்கள். பழுத்ததை விரலால் அழுத்திப் பிடுங்கினால் கறுத்துவிடும், காம்போடு மெல்லத் திருகி எடுங்கள். பச்சையாகத் தின்றுவிட்டு 'இதற்கா இவ்வளவு பாடு' என்று முகம் சுளிக்காதீர்கள். தக்காளியும் கொஞ்சம் கசப்பும் கலந்த மாதிரித்தான் இருக்கும், காய்ந்தால்தான் இனிப்பு ஏறும். நம் செப்டெம்பர் வெயிலை நம்ப முடியாது, உலர்த்தும் மெஷினில் போடுங்கள்.

பழத்துக்குக் காத்திருக்கும் இந்த வருடத்துக்கு இன்னொரு யோசனை. நீங்கள் மே மாதம் வெட்டி எறியப்போகும் அந்தத் தளிர்களை எறிய வேண்டாம். ஸ்காபரோ சீனக் கடைகளில் முள்ளுத் தண்டோடு கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அது இந்த இலைதான். அவர்கள் சூப்பில் போடுவார்கள். நான் இலையை உருவி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வேன். மருந்தடித்த செடியென்றால் மட்டும் செய்ய வேண்டாம். பறிக்கும்போது இலையில் ஊதாவோ பச்சையோ நிறத்தில் சின்னக் கொப்புளம் தெரிந்தால், அது கொப்புளச் சிலந்திப் பேனின் வேலை. அந்தக் கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கொம்போஸ்டில் வேண்டாம்.

மாமி விஷயம். அவர் எடுப்பது வார்ஃபரின் என்றால் பழமும் வேண்டாம், அதை ஊறவைத்த தேநீரும் வேண்டாம். வார்ஃபரின் எடுத்தவர்கள் கோஜித் தேநீர் குடித்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு எக்கச்சக்கமாக ஏறியதை மருத்துவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பதிவு செய்திருக்கிறார்கள். வேறு மருந்தென்றால், மருந்துப் பெட்டியைக் கொண்டுபோய் ஃபார்மசிஸ்டிடம் காட்டிக் கேளுங்கள். வறையையும் ஃபார்மசிஸ்டிடம் சொல்லிவிட்டே மாமிக்குப் பரிமாறுங்கள், கீரை திடீரென்று கூடினாலும் வார்ஃபரின் கணக்குப் பிசகும்.