பெரியவர் சக்கரபாணியைப் பற்றிக் கேட்டீர்கள்

நாவலப்பிட்டி என்றால் எம்.ஜி.ஆர். பிறந்த ஊர் என்று இங்கே இலங்கை மலையகத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அவருடைய அண்ணன் எம்.ஜி.சக்கரபாணியும் நல்ல நடிகர், படமும் இயக்கியவர் என்று போன கிழமை ஒரு வரி எழுதினேன். அதற்கே இத்தனை கேள்விகள். சந்தோஷம்தான். வந்த வரிசையில், கேட்டவரின் ஊரைப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

கினிகத்தேனை: தம்பி இங்க பிறந்தார், சரி. அண்ணனுக்கும் நம்ம மலைக்கும் என்னண்ணே தொடர்பு?

சக்கரபாணி பிறந்தது 1911. நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17ஆம் திகதி ராமச்சந்திரன் பிறந்தபோது அண்ணனுக்கு ஆறு வயது. தம்பி சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா கோபால மேனன் இறந்துபோனார். அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணத்தில் போய் ஒதுங்கினார். அப்பாவின் முகம் மனதில் பதிகிற வயது தம்பிக்கு இல்லை, அண்ணனுக்குத்தான் இருந்தது. இதை யோசித்த நாளிலிருந்துதான் எனக்கு இந்த மனிதர்மேல் ஒரு பிடிப்பு.

ஹட்டன்: நடிப்பை எங்க சேர் படிச்சாங்க?

வறுமையால் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. இரண்டு பேரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். பாட்டு, வசனம், சண்டை எல்லாம் அந்த நாடகக் கம்பெனியில் கற்றதுதான்.

தலவாக்கலை: முதல் படம் எது ஐயா? ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்தாங்களா?

சக்கரபாணிக்கு 1936இல் வந்த 'இரு சகோதரர்கள்'. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. தம்பியும் அதில் சின்ன வேடத்தில் இருக்கிறார். படத்தின் பெயரைப் பாருங்கள், எப்படிப் பொருந்துகிறது!

தம்பியின் முதல் படமான 'சதி லீலாவதி'யும் அதே வருடம், அதே டங்கன் இயக்கியது. தலவாக்கலையிலிருந்து கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் நாயகன் கொலைப்பழிக்குப் பயந்து கப்பலேறி இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். அவ்வளவு காலத்துக்கு முன்பே தமிழ்ப் படத்துக்குள் நம் தோட்டம் வந்துவிட்டது.

பண்டாரவளை: எம்.ஜி.ஆருக்கு அண்ணன் என்பதால்தானே வாய்ப்பு வந்திருக்கும்?

இல்லை தம்பி. வருடங்களை வைத்துப் பாருங்கள். பி.யு.சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த 'மகாமாயா' 1944இல் வந்தது, சக்கரபாணி அதில் இருக்கிறார். தம்பி நாயகனானது 1947இல், 'ராஜகுமாரி'யில். சிபாரிசு செய்கிற இடத்துக்குத் தம்பி வருமுன்பே அண்ணன் பெரிய நட்சத்திரங்களோடு நடித்துவிட்டார். பிற்காலத்தில் தம்பியின் பெயர் வளர்ந்து அவரை மறைத்தது என்பது வேறு விஷயம்.

பதுளை: ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமிருக்கு. எதைப் பார்க்க?

'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் இயக்கியது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். தம்பி அலிபாபா. அவனுடைய பேராசை பிடித்த அண்ணன் காசிமாகச் சக்கரபாணி. சொந்த அண்ணனே திரையிலும் அண்ணன்!

நான் இதை முதலில் பார்த்தது எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தீபாவளி இரவு, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து வாடகைக்கு எடுத்த டீவியும் வீடியோ டெக்கும், குளிருக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வாசல் நிறையச் சனம். குகைக்குள் காசிம் பொன்னையும் மணியையும் அள்ளிக் கட்டிக்கொண்டு திரும்புகிறான், கதவு மூடியிருக்கிறது. 'அண்டாகா கசம்' மந்திரம் மறந்துபோகிறது. ஆசையில் மின்னிய அதே முகத்தில் பயம் ஏறுகிறது. பிள்ளைகள் நாங்கள் டீவியைப் பார்த்து "திறந்திடு சீசே, திறந்திடு சீசே" என்று கத்தினோம், அவனுக்கு எடுத்துக் கொடுக்கிறோமாம். கெட்டவனென்று தெரியும், ஆனாலும் அவன் தப்பிவிட வேண்டுமென்று துடித்தோம். திருடர்கள் கையில் அவன் செத்தபோது என் தங்கச்சி அழுதேவிட்டாள். அவன் கெட்டவன் என்பதையே பிள்ளைகளுக்கு மறக்கச் செய்தாரே, அதுதான் அவருடைய நடிப்பு.

கொட்டகலை: இயக்கினதா சொன்னீங்களே, என்ன படம்?

'அரச கட்டளை', 1967. எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி, ஜெயலலிதா நடித்தது, இசை கே.வி.மகாதேவன். அதற்கு முன்பு 'நாடோடி மன்னன்' (1958) எடுத்த எம்.ஜி.ஆர். பிக்சர்ஸில் தம்பியோடு அவரும் பங்காளி.

கண்டி: அண்ணன் தம்பிக்குள்ள ஒத்துமை எப்படி?

தம்பி அவரை 'ஏட்டன்' என்றுதான் கூப்பிடுவார், மலையாளத்தில் அண்ணன். படவுலகத்தில் அண்ணன் 'பெரியவர்', தம்பி 'சின்னவர்'. நாடே தலைவர் என்று கொண்டாடியவர், முதலமைச்சரானவர், அந்த ஒருவர் முன்னால் சின்னவர்தான். பெரியவர் 1986 ஆகஸ்ட் 17இல் காலமானார். அடுத்த வருடம் டிசம்பர் 24இல் சின்னவரும் போய்விட்டார்.

நாவலப்பிட்டி: எங்க பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா சேர்?

தாராளமாக. 'அலிபாபா' முழுப்படம் நீளம் என்றால் காசிம் குகைக்குள் போவதிலிருந்து காட்டுங்கள் டீச்சர். இவர் யாரென்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் மந்திரத்தைக் கத்தி முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கள்.