எடை குறைந்து மாதவிடாய் நின்றுபோனால் லெப்டின் மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி இதுதான்: டயட், உடற்பயிற்சி என்று எடையைக் குறைத்ததும் மாதவிடாய் நின்றுவிட்டது, லெப்டின் குறைந்ததுதான் காரணம் என்கிறார்கள், அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாமா? வேண்டாம். லெப்டின் ஒரு புரதம், விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். அந்தப் பெயரில் விற்கிற டப்பாக்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஆனால் காரணம் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை.

லெப்டினைக் கொழுப்பு செல்கள் சுரக்கின்றன. 1994-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு இதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. இந்த ஹார்மோன் இல்லாமல் பிறக்கும் எலிகள் உருண்டு திரண்டு கிடக்கும், குட்டியும் போடாது. குண்டாக இருப்பதால்தான் கரு தங்கவில்லை என்று தோன்றும், இல்லையா? பட்டினி போட்டு இளைக்க வைத்தபோதும் தங்கவில்லை, லெப்டின் ஊசி போட்ட பிறகுதான் தங்கியது. 1996-ல் வந்த இந்த முடிவு எனக்கு இன்றும் பிடித்தமானது. கொழுப்புக் கையிருப்பு எவ்வளவு இருந்தாலும், இருக்கிறது என்ற தகவல் லெப்டின் வழியாக மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பலன் இல்லை.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனை விட்டு விட்டுத் துடிப்பாக வெளியிடும். அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பும், அப்புறம்தான் சினைப்பையில் முட்டை முதிரும். ஜி.என்.ஆர்.எச். செல்களுக்கு லெப்டினை நேரடியாக உணரும் ஏற்பி கிடையாது, மூளையிலேயே இருக்கும் கிஸ்பெப்டின் செல்கள் போன்ற இடைத்தரகர்கள் வழியாகத்தான் சேதி போகிறது. லெப்டின் இறங்கினால் துடிப்பு மந்தமாகும், முட்டை வெளிவராது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் சரியும். முக்கியமாக, சாப்பாட்டைக் குறைத்த ஓரிரு நாளிலேயே, உடம்புக் கொழுப்பு கரைவதற்கு முன்பே, லெப்டின் சரிந்துவிடும். அதனால் "எடை நார்மலாத்தானே இருக்கு" என்பவருக்கும், நிறைய ஓடிக் குறைவாகச் சாப்பிட்டால், பீரியட்ஸ் நிற்கலாம்.

சரி, லெப்டின் ஏறினால் எல்லாம் தானாக ஓடுமா? ஓடாது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத சில பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். பருவமடையும் வயதில் இருந்தவருக்குப் பருவ மாற்றங்கள் தொடங்கின, சின்னப் பிள்ளைக்கு அந்த வயதுக்கு முன்னால் எதுவும் தொடங்கவில்லை. அதாவது லெப்டின் அனுமதி தரும், நேரத்தைக் குறிப்பது வேறு ஏதோ. அதிக எடை உள்ளவர்களுக்கு லெப்டின் ஏராளமாக இருந்தும் மூளை அதைச் சரியாகக் கண்டுகொள்வதில்லை. அவர்களுடைய சுழற்சி தவறுவதில் இன்சுலின் உட்பட வேறு பலவும் சேர்ந்திருப்பதால், எல்லாப் பழியையும் லெப்டின் தலையில் போட முடியாது.

ஊசியாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2004-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கடும் உடற்பயிற்சியாலோ குறைந்த எடையாலோ மாதவிடாய் நின்ற 8 பெண்களுக்குக் கொடுத்தார்கள். எல்.எச். துடிப்பு கூடியது, 3 பேருக்கு முட்டையும் வெளிவந்தது. ஆனால் லெப்டின் பசியை அடக்கி எடையை இன்னும் இறக்கக்கூடியது, ஏற்கெனவே இளைத்தவருக்கு அது சிக்கல்தானே! அதனால் இது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) மூன்றையும் முதலில் பார்ப்பார்கள், லெப்டின் டெஸ்ட்டுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. காரணம் சாப்பாடும் உடற்பயிற்சியும்தான் என்றால் கூடுதலாகச் சாப்பிட்டு, உடற்பயிற்சியைக் குறைப்பதுதான் வைத்தியம், சில மாதங்கள் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைவாகவே நீடித்தால் எலும்பு தேயும் என்பதால் ஒத்திப்போடாதீர்கள். கருத்தடை மாத்திரையால் மாதாமாதம் ரத்தப்போக்கு வரும், ஆனால் மூளையின் துடிப்பு திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இன்னொன்று, நின்றுபோன சுழற்சி திரும்பும்போது முட்டை வெளிவந்த பிறகுதான் முதல் பீரியட்ஸ் வரும் என்பதால், அது வருவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றிருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.