கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எண்ணெய்க் கசிவு என்றாலே கப்பல் விபத்துதானா?

இல்லை. 1970களில் டேங்கர்களிலிருந்து, அதாவது எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல்களிலிருந்து, 7 டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டிய சம்பவங்கள் ஆண்டுக்கு எண்பதை ஒட்டி நடந்தன. 2010களில் அது ஆண்டுக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இரட்டை அடிச்சுவர் கொண்ட டேங்கர்கள் கட்டாயமானது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எண்ணெய்க் கிணறுகள் வெடிக்கின்றன, கடலடிக் குழாய்கள் அரித்துப்போகின்றன. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாள் ஆனது. டேங்கரே அல்லாத சரக்குக் கப்பலும் தன் சொந்த எரிபொருளைக் கொட்டும். 2020இல் மொரீசியஸின் பவளப்பாறையில் தரைதட்டிய வகாஷியோ அப்படிப்பட்டதுதான்.

சாலையில் சொட்டும் இன்ஜின் ஆயிலும் மழைநீரோடு கடலுக்குத்தான் போகிறது. இது செய்தியில் வராது, நிற்பதும் இல்லை.

எண்ணெய் மிதக்கும்தானே? அடியில் இருக்கும் மீனுக்கு என்ன பாதிப்பு?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. மிதப்பது ஒரு பகுதிதான். கச்சா எண்ணெயில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. இலேசானவை ஓரிரு நாளில் ஆவியாகிவிடும், சில நீரில் கரையும். அலை அடிக்க அடிக்க ஒரு பகுதி நுண்துளிகளாக உடைந்து கீழே போகும். மிஞ்சியது நீரோடு குழைந்து, பல மடங்கு பருத்த பழுப்புக் களியாகிவிடும்.

வளர்ந்த மீன் பல நேரம் விலகிப் போய்விடும். முட்டையால் எங்கே போக முடியும்? பல கடல்மீன்களின் முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இதயம் துடிப்பதே தெரியும். எண்ணெயிலிருந்து கரையும் பல்வளைய நறுமணச் சேர்மங்கள் என்ற நச்சுப் பொருள்கள் பட்ட முட்டையில் அந்தத் துடிப்பு தடுமாறும், இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும், முதுகெலும்பு வளையும். மிகக் குறைந்த செறிவே இதற்குப் போதும். அப்படிப் பொரிக்கும் குஞ்சு சரியாக நீந்தாது, சீக்கிரமே இரையாகிவிடும். இந்த மரணங்கள் யார் கணக்கிலும் வருவதில்லை. கரையில் ஒதுங்கிய உடல்களை மட்டும் எண்ணிப் பாதிப்பை அளப்பதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

பறவையின் மேல் கொஞ்சம் எண்ணெய் பட்டால்கூடச் செத்துவிடுமா?

சாகலாம். இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டிருப்பதால்தான் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்கிறது. எண்ணெய் பட்டதும் அவை ஒட்டிக்கொண்டு இடைவெளி விழும், குளிர்நீர் தோலைத் தொடும். பறவை அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும், அப்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். கடல் நீர்நாய்க்கும் இதே கதிதான். அதன் தோலடியில் கொழுப்புப் படலம் கிடையாது, அடர்ந்த ரோமம் ஒன்றுதான் காப்பு.

கொட்டிய அளவு குறைவு என்றால் பாதிப்பும் குறைவுதானே?

அப்படி இல்லை. எங்கே, எப்போது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். 1979இல் கரீபியன் தீவான டொபாகோவுக்கு அப்பால் மோதிய அட்லாண்டிக் எம்ப்ரஸ் 2,87,000 டன் எண்ணெயை இழந்தது. டேங்கர் விபத்துகளிலேயே மிகப் பெரியது அதுதான், ஆனால் கரைக்கு வந்த எண்ணெய் கொஞ்சம். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் பாறையில் ஏறிய எக்ஸான் வால்டஸ் கொட்டியது சுமார் 37,000 டன். குறுகிய விரிகுடா, குளிர்ந்த நீர், ஹெர்ரிங் மீன்கள் முட்டையிடப்போகும் பருவம் என்று எல்லாம் சேர்ந்து பேரழிவாயிற்று. அலையாத்திக் காட்டிலோ சில டன்னே பயங்கரம். மூச்சு வேர்களின் துளைகள் அடைபட்டால் மரமே பட்டுப்போகும்.

ரசாயனம் தெளித்துக் கரைத்துவிடலாமே?

அது எண்ணெயை அழிக்காது, நுண்துளிகளாக்கி நீருக்குள் தள்ளும். பறவைக்கும் கரைக்கும் நல்லது, முட்டைகளுக்கும் மிதவை உயிர்களுக்கும் கெட்டது. ஆழ்கடலில் சில சமயம் சரியான முடிவாக இருக்கலாம், ஆழமற்ற பவளத்திட்டில் கூடாது. 1967இல் டோரி கேன்யன் டேங்கர் விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் தெளித்த அன்றைய சலவை ரசாயனங்கள், எண்ணெயைவிட அதிகமாகப் பாறைச் சிப்பிகளைக் கொன்றன. அலாஸ்காவில் சூடான நீரைப் பீய்ச்சிக் கழுவிய கரைகளிலும் உயிர்கள் வெந்து செத்தன. இன்றைய ரசாயனங்கள் அவ்வளவு நச்சு இல்லை என்றாலும் அவசரப்படக் கூடாது.

எத்தனை வருடத்தில் சரியாகும்?

எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் கடலில் உண்டு. அவற்றுக்கு ஆக்சிஜனும் நைட்ரஜனும் வேண்டும். ஆக்சிஜன் எட்டாத சரளைக்கல்லுக்கு அடியில் புதைந்த எண்ணெய் அலாஸ்காவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. அங்கே கடல் நீர்நாய்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பக் கால் நூற்றாண்டு ஆனது. எக்ஸான் வால்டஸ் விபத்தையொட்டிப் பல உறுப்பினர்களை இழந்த ஒரு சிறு ஆர்கா (கொலைகாரத் திமிங்கிலம்) கூட்டத்தில் அதன் பிறகு ஒரு குட்டியும் பிறக்கவில்லை.

கரையில் எண்ணெய்க் கட்டியோ, எண்ணெய் பட்ட பறவையோ பார்த்தால்?

கையால் தொடாதீர்கள். கட்டியை மணலில் புதைக்கவும் வேண்டாம், புதைத்தால் மட்குவது இன்னும் தாமதமாகும். பறவையை உடனே சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் முதலில் சூடு கொடுத்து, நீரும் உணவும் கொடுத்து, அது தேறிய பிறகுதான் கழுவுவார்கள். பார்த்த இடம், நேரம், ஒரு போட்டோ மூன்றையும் கடலோரக் காவல் படைக்கோ வனத்துறைக்கோ அனுப்பிவிட்டு, நாய்களும் குழந்தைகளும் அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.