‘செரென்டிபிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்பதுதானே பொருள்? கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

மூயட், அதாவது மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால், ‘லக்’ வரும் இடத்திலெல்லாம் இதைத் தூக்கிப் போடாதீர்கள். நாலு நம்பர் லாட்டரியில் ஒருவருக்குப் பரிசு அடித்தால் அது லக். நம்மூர்ப் பேச்சில் ஓங். அடிக்க வேண்டும் என்றுதானே நம்பர் எடுத்தார்? தேடியதே கிடைத்தால் அது செரென்டிபிட்டி ஆகாது. ஒன்றைத் தேடப் போய், நினைக்காத நல்லது ஒன்று கண்ணில் பட வேண்டும். அதன் அருமையும் அந்த ஆளுக்குப் புரிய வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். 1754 ஜனவரியில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கியபோதே தற்செயலையும் கூர்மதியையும் சேர்த்துத்தான் சொன்னார். செரென்டிப் இலங்கையின் பழைய பெயர். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையில், பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதை வைத்தே, போன விலங்குக்கு ஒரு கண் இல்லை என்று கண்டுகொள்கிறார்கள். 1928இல் விஞ்ஞானி ஃபிளெமிங்குக்கு நடந்ததும் இதுதான். பூஞ்சணம் பிடித்த தட்டு எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கும். அதைச் சுற்றிக் கிருமி வளரவில்லையே என்று நின்று பார்த்ததால்தான் பென்சிலின்.

எழுதும்போது: இது பெயர்ச்சொல், பன்மை வேண்டாம். ‘ஐ ஆம் வெரி செரென்டிபிட்டி’ தப்பு. ஆளைச் சொல்ல ‘லக்கி’ போதும். நிகழ்ச்சிக்கு ‘எ செரென்டிபிட்டஸ் டிஸ்கவரி’. ‘பை செரென்டிபிட்டி’, ‘பியூர் செரென்டிபிட்டி’ இரண்டும் இயல்பாக இருக்கும். உச்சரிப்பில் அழுத்தம் ‘டிப்’ மேல். பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடை தேடிச் சந்து மாறிப் போன ஆய்வு மாணவர், பழைய அச்சகப் பலகை ஒன்றைப் பார்த்து ஆய்வுத் தலைப்பையே பிடித்தால் இச்சொல் பொருந்தும். சந்து மாறியும் கடையே கிடைத்துவிட்டால் வெறும் லக்.

தமிழில் இல்லாததா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருப்பதைத்தான் பார்ப்போமே. ‘கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது’ சரிவராது, தேடியதேதான் எதிரே வருகிறது. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்பதில் தேடலே இல்லை. ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ அமைப்பில் அச்சு அசல்; பலன்தான் தலைகீழ். ‘தற்செயல் நற்பேறு’ என்று எழுதலாம், ஆனால் கூர்மதி விட்டுப்போகும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் டியூஷனில் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் ‘ஒரு சொல், ஒரு பொருள்’ தாள்தான் காரணம். அதே தாளில் ‘ஐரனி’ என்றால் கிண்டல் என்றும் போட்டிருப்பார்கள். அதற்குத் தனிக் கேள்வி போடுங்கள், வருகிறேன்.