புதுக்கோட்டைக் குன்றுகளும் குடைவரைகளும்: விடுமுறைப் பயணிகளுக்குச் சில பதில்கள்

கேள்வி (சென்னை): ஐயா, இரண்டு நாள் விடுமுறையில் குடும்பத்துடன் புதுக்கோட்டை வருகிறோம். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், ஆவுடையார்கோயில், அருங்காட்சியகம் ஆகிய அனைத்தையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: சுற்றிவிடலாம், பார்க்க முடியாது. மேற்கே சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் மூன்றும் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதால் அவற்றுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். மறுநாள் காலையில் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும், மாலையில் திருச்சி சாலையில் இருக்கும் நார்த்தாமலையையும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் நாள் பார்த்துப் புறப்படுவது நல்லது. திருமயத்தைக் காரைக்குடி செல்லும் இன்னொரு பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (மதுரை): சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று எங்கள் பள்ளியில் படித்தோம். இப்போது பாண்டியர் காலம் என்கிறார்களே, எது சரி?

பதில்: பாண்டியர் காலம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அங்குள்ள சமணக் குடைவரையின், அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயிலின், அமைப்பைப் பார்த்துத் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் மகேந்திரவர்மனை நினைத்தார்கள். பின்னர் அங்குள்ள கல்வெட்டு படிக்கப்பட்டபோது, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், கருவறைக்கு முன்னுள்ள அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, அதன் முன்னே முகமண்டபத்தை எடுப்பித்த செய்தி தெரியவந்தது. கோயிலைக் குடைந்த காலம் அதற்கு முந்தையதாக இருக்கலாம்; இன்று நாம் காணும் ஓவியங்களை அந்தப் புதுப்பித்தலோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம்.

உள்ளே சென்றதும் தூணில் ஆடும் நடன மங்கையரைத் தேடிக் கண்கள் ஓடும். அதற்கு முன், சற்று நேரம் நின்று விதானத்தைப் பாருங்கள். சமண மரபில், தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் தெய்விக அவையான சமவசரணத்தின் ஒரு பகுதியாகச் சொல்லப்படும் தாமரைக் குளம் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. இலைகளுக்கு இடையே மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் தெரிய, பூப்பறிக்கும் மூவரில் ஒருவர் இடக்கையில் கூடையைத் தொங்கவிட்டு வலக்கையால் மலரைக் கொய்கிறார். தனியே நிற்பவர் தாமரைக் கட்டைத் தோளில் சாய்த்திருக்கிறார். நிறம் மங்கி, காரை உதிர்ந்த இடங்கள் பல உண்டு. கோயில் மேற்கு நோக்கியது என்பதால் பிற்பகலில் உள்ளே வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். கைப்பேசியின் விளக்கையோ மின்னொளியையோ ஓவியத்தின் மீது பாய்ச்ச வேண்டாம்.

கேள்வி (திருச்சி): அதே குன்றில் சமணர் படுக்கைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

பதில்: ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைத்தளம் அது. மேற்குப் பக்கம் ஏறி, பாறையைக் கடந்து, கிழக்குச் சரிவுக்குப் போக வேண்டும். வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. தலைப்பக்கம் தலையணைபோல உயர்த்திவிட்டிருப்பதைத் தொலைவிலிருந்தே காணலாம். அவற்றுள் பெரிய படுக்கையில் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம், உள்ளது. கைப்பிடிக் கம்பிகள் உண்டு. ஆயினும் சிறு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும் இடமன்று. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரியவர் துணையோடு காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும்.

கேள்வி (கோவை): அம்மாவுக்கு மூட்டு வலி. அவர்களும் பார்க்கும்படியான இடம் எது?

பதில்: கொடும்பாளூர் மூவர் கோயில். தரைமட்டத்திலேயே இருக்கிறது, சுற்றிலும் புல்வெளி. இருக்குவேளிர் என்ற குறுநிலத் தலைவர் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் மூன்று கோயில்கள் எடுப்பித்தார். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. குடுமியான்மலைச் சிகாநாதர் கோயில் மண்டபச் சிற்பங்களையும் அம்மா சிரமமின்றிக் காணலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): நான் வீணை பயில்கிறேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் எனக்கு விளங்கும்படி ஏதேனும் இருக்குமா?

பதில்: வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருப்பதால் வாசிப்பது கடினம், அதன் அமைப்பு உங்களுக்குக் கட்டாயம் புரியும். குடைவரையை அடுத்த பாறை முகப்பில் சுரக் கோவைகள் ஏழு பகுதிகளாக, வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியாரின் மாணவனான மன்னன் ஒருவன் செய்வித்தது என்று கல்வெட்டே கூறுகிறது. மகேந்திரவர்மன்தான் அவன் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இறுதியில் தமிழில், “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய” என்று வருகிறது. எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் இவை பொருந்தும் என்று இதற்குப் பொருள் கொள்வர். திருமயம் சிவன் குடைவரையிலும் இத்தகைய கல்வெட்டு ஒன்று இருந்தது. சைவ, வைணவக் கோயில்களுக்கு இடையிலான வழக்கில் 13ஆம் நூற்றாண்டில் வழங்கப்பட்ட தீர்ப்பைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். இசைக்கு நேர்ந்த இழப்புதான். வரலாற்றுக்கு அந்தத் தீர்ப்பும் வேண்டியதாக இருக்கிறது.

கேள்வி (பெங்களூர்): ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே போகச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றி நார்த்தாமலை. மேலமலையின் வெற்றுப் பாறையில் நடந்து ஏறினால், விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயில் எதிர்ப்படும். பெயர் சோழனுடையது, கட்டியவர் முத்தரையர் தலைவரான சாத்தன் பூதி என்றும், மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் புதுக்கினார் என்றும் கல்வெட்டு சொல்கிறது. வெளிச்சுவர் சதுரம், கருவறையோ வட்டம். இப்படி ஒன்றனுள் ஒன்றை அமைத்தவர், விமானத்தின் கீழ்த்தளங்களைச் சதுரமாகவே எழுப்பி, மேலே போகப் போக வட்டமாக்கிச் சிகரத்தில் முடித்திருக்கிறார். கோயில் மேற்கு நோக்கியது. எதிரே உள்ள இரண்டு குடைவரைகள் கிழக்கு நோக்கியவை. ஆகவே குடைவரைகளைக் காலை வெயிலிலும் கோயிலை மாலை வெயிலிலும் காண்பதே உத்தமம். பெரிய குடைவரையில் ஆள் உயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. ஊர்மக்கள் அதைச் சமணர் குடகு என்கிறார்கள், முதலில் அது சமணப் பள்ளியாக இருந்ததால்.

கேள்வி (சேலம்): மே மாதம் வரலாமா?

பதில்: வேண்டாம். பாறை கொதிக்கும், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் தெரிந்துவிடும். மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. வேறு வழியில்லையெனில் விடிந்ததும் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்குங்கள். மேலே கடைகள் கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஆவுடையார்கோயில் தொலைவாயிற்றே, போகத்தான் வேண்டுமா?

பதில்: தனியாக அரை நாள் கிடைத்தால் போங்கள். கருவறையில் இலிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடையார் மட்டுமே. நிவேதனமாகப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி. மண்டபக் கொடுங்கையின், அதாவது வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பின், கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டம், குறுக்குக் கட்டை, ஆணித்தலை என எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கி, விளிம்பை மெலிந்து வளையவிட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதும் பழைய சிற்பிகள், “ஆவுடையார்கோயில் வேலை நீங்கலாக” என்று சேர்த்து எழுதுவார்கள் என்று சொல்வதுண்டு.